விதிக்கு இரண்டு பொருள் இருந்தால்
(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போன வாரம் போன் செய்து, "தம்பி, நீ இருபது நிமிஷம் பேசணும். தலைப்பு உன் இஷ்டம்" என்றார். "இஷ்டம்னா எதை வேணாலும் பேசலாமா, இல்லே நீங்க சரின்னு சொல்றதுக்குள்ளே என் இஷ்டமா?" என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார். பிறகு அவரே திரும்பக் கூப்பிட்டு, "அதையே பேசு" என்றார். ஆகவே இன்று நான் பேசப்போவது வேலைவாய்ப்பைப் பற்றி அல்ல, தன்னம்பிக்கையைப் பற்றியும் அல்ல. அதற்கெல்லாம் வேறு ஆள் இருக்கிறார்கள். ஒரு விதிக்கு இரண்டு பொருள் இருந்தால் என்ன செய்வது, யார் சொல்வது செல்லும், எப்போது சண்டை போடலாம், எப்போது போடக்கூடாது என்பதைத்தான் பேசப்போகிறேன். அதுவும் விளையாட்டை வைத்து.

முதலில் தாயம். நம் பூந்தமல்லி, திருமழிசை, செம்பரம்பாக்கம் பக்கத்து வீடுகளில் வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிக்கத் தாயம் ஆடாதவர்கள் இங்கே குறைவாகத்தான் இருப்பார்கள். பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்று விழுந்தால் தாயம், இரண்டும் பூஜ்யமானால் பன்னிரண்டு. ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் இன்னொரு முறை போடலாம். இதுவரை சண்டை இல்லை. கட்டை சுவரில் சாய்ந்து நின்றால்? ஒரு கட்டை மற்றதன் மேல் ஏறிக் கிடந்தால்? ஒருத்தரையும் வெட்டாமல் காய் உள்ளே போகலாமா? ஒரு வீட்டில் போகலாம், அடுத்த வீட்டில் கூடாது. கல்யாணமாகி வந்த மருமகள் முதல் ராத்திரியே மாமியார் வீட்டு விதிக்கு மாறியாக வேண்டும். இதற்கு எங்கேயும் புத்தகம் கிடையாது. பாட்டிதான் புத்தகம். "சாஞ்சா செல்லாது, மறுபடி போடு" என்றால் முடிந்தது. பாட்டி தன் பேரனுக்குச் சாதகமாகச் சொன்னாலும் முடிந்ததுதான்!

புத்தகம் இல்லாததால்தான் இந்தக் குழப்பம், எழுதி வைத்துவிட்டால் தீர்ந்துவிடும் என்று இன்ஜினியர்களாகிய நமக்குத் தோன்றும். எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் தோன்றியது. கிரிக்கெட்டைப் பாருங்கள். உலகத்திலேயே அதிகமாக எழுதி, திருத்தி, மறுபடி எழுதிய விதிப்புத்தகங்களில் அதுவும் ஒன்று.

2019 மார்ச் 25, ஜெய்ப்பூர். பஞ்சாப் அணிக்குத் தலைவர் நம் சென்னைக்காரர் அஸ்வின். அவர் நம்மைப் போல இன்ஜினியரிங் படித்தவர், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ராஜஸ்தான் அணியின் பட்லர் 69 ரன் எடுத்து, பந்து வீசுகிற முனையில் நிற்கிறார். அஸ்வின் ஓடி வந்து, பந்தைப் போடாமல் நிறுத்தி, பட்லர் கோட்டை விட்டு வெளியே போனதும் பெயில்ஸைத் தட்டிவிட்டார். மூன்றாவது நடுவர் அவுட் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒரு வாரத்துக்கு டீக்கடையிலும் கம்பெனி பஸ்ஸிலும் வேறு பேச்சே இல்லை.

நிறையப் பேர் பேசியது "இது தர்மமா?" என்ற கேள்வியை. எனக்கு ருசியாக இருந்தது வேறு கேள்வி. 2017இல் மாற்றி எழுதிய விதி என்ன சொன்னது? பந்து வீச்சாளர் வழக்கமாகப் பந்தைக் கையிலிருந்து விடுவார் என்று எதிர்பார்க்கக்கூடிய நொடி வரைக்கும், எதிர்முனை ஆட்டக்காரர் கோட்டுக்கு வெளியே இருந்தால் ரன் அவுட் செய்யலாம் என்று சொன்னது. சரி, யார் எதிர்பார்ப்பது? பட்லரா, நடுவரா, டிவி பார்க்கிற நாமா? ஓடி வந்த வேகத்தை வைத்துக் கணக்கிடுவதா, கை சுழற்றுவதை வைத்தா? அஸ்வின் கையைச் சுழற்றவே ஆரம்பிக்கவில்லை; ஆகவே அந்த நொடி வரவே இல்லை என்பது ஒரு வாதம். ஓட்டத்தின் தாளப்படி பார்த்தால் அந்த நொடி வந்து போய்விட்டது, அவர் நிறுத்திக் காத்திருந்தார் என்பது எதிர்வாதம். விதியை எழுதுகிற எம்.சி.சி. என்ற லண்டன் கிளப்பே முதல் நாள் ஒன்று சொன்னது. படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, நின்ற நேரம் அதிகம் என்று மறுநாள் வேறு தொனியில் சொன்னது. எழுதியவருக்கே அப்படி என்றால்!

1947இல் சிட்னியில் வினு மன்கட், பில் பிரவுனை இதே மாதிரி அவுட் செய்தபோதும் இதே கூச்சல்தான். அப்போது மன்கட் செய்தது சரி என்று எதிரணித் தலைவர் பிராட்மனே சொன்னார். 2022 அக்டோபரிலிருந்து இந்த விதியை, முறைகேடான ஆட்டம் என்ற 41ஆம் பிரிவிலிருந்து எடுத்து, சாதாரண ரன் அவுட் என்ற 38ஆம் பிரிவில் வைத்தார்கள். அப்பாடா, முடிந்தது என்று நினைத்தோம். மூன்றே மாதத்தில், 2023 ஜனவரியில், மெல்போர்னில் ஆடம் சாம்பா என்பவர் இப்படி ரன் அவுட் செய்தார். நாட் அவுட் என்று தீர்ப்பு. ஏன்? அவர் கை உச்சியைத் தாண்டிச் சுழன்ற பிறகு பெயில்ஸைத் தட்டினார். விதிப்படி அது சரியான தீர்ப்புதான். ஆனால் விதியின் வாசகத்தைப் படித்துப் பார்த்தவர்களுக்கு, ஆட்டக்காரர் முன்னாலேயே வெளியே போய்விட்டால் எப்போது வேண்டுமானாலும் தட்டலாம் என்பது போலவும் இருந்தது. மறுபடியும் வாசகத்தைத் திருத்தினார்கள். கை உச்சிக்கு வருகிற நொடிதான் அந்த நொடி என்று இப்போது எழுதி வைத்திருக்கிறார்கள். அடுத்த ஓட்டையை எந்தப் பையன் கண்டுபிடிக்கப்போகிறானோ தெரியாது. நம் ஊர்ப் பையனாக இருந்தால் சந்தோஷம்.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். நம் கல்லூரியில் என் செட்டும் எனக்கு அடுத்த செட்டுமாக ஆறு பேர், ஆறேழு வருஷமாகச் சனிக்கிழமை சாயங்காலம் செம்பரம்பாக்கத்தில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் கூடுகிறோம். சீட்டாட்டம் என்று அக்கம்பக்கத்தில் சந்தேகப்பட்டார்கள். சீட்டு இல்லை. டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்று ஒரு ஆட்டம். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: ஒருவர் வாள்வீரர், ஒருவர் மந்திரக்காரி, ஒருவர் திருடன். "நீங்கள் ஏரிக்கரையில் நிற்கிறீர்கள், இருட்டு, மதகுப் பக்கம் ஏதோ சத்தம், என்ன செய்வீர்கள்?" என்று நடத்துபவர் கேட்பார். நாம் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். அது பலிக்குமா என்பதை இருபது முகம் கொண்ட டைஸ் போட்டுப் பார்ப்போம். வென்றவர் தோற்றவர் கிடையாது. கதை வாரா வாரம் வளரும். தெருக்கூத்தும் தாயமும் கல்யாணம் செய்துகொண்டால் பிறக்கிற பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் சிக்கல். சதுரங்கத்தில் குதிரை என்ன செய்யலாம் என்பது முடிந்த முடிவு. இந்த ஆட்டத்தில் "என்ன வேண்டுமானாலும்" என்று ஆரம்பத்திலேயே கதவைத் திறந்துவிட்டார்கள். என்ன வேண்டுமானாலும் என்பதற்கு விதி எழுத யாரால் முடியும்?

இதன் பூர்வ கதை ரொம்ப சுவாரஸ்யமானது. பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்று அப்பாவும் பிள்ளையும். அப்பா 1812இல் ராஜாவுக்கு ஒரு போர் விளையாட்டைச் செய்து காட்டினார். பிள்ளை ராணுவ அதிகாரி. 1824இல் அதைச் சீர்செய்து, வரைபடத்தின் மேல் கட்டைகளை நகர்த்தி ஆடுகிற மாதிரி விதிகளுடன் வெளியிட்டார். குதிரைப்படை நிமிஷத்துக்கு எவ்வளவு தூரம் போகும், பீரங்கி எத்தனை பேரைச் சாய்க்கும் எல்லாம் பட்டியல், டைஸ். நடுவில் ஒரு நடுவர். ராணுவ அதிகாரிகள் ஆடி ஆடி, விதிகள் பெருகிப் பெருகி, ஆட்டத்தைவிடப் பட்டியல் பார்க்கிற நேரம் அதிகமாகிவிட்டது. 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற அதிகாரி ஒரு காரியம் செய்தார். பட்டியலைத் தூக்கிப் போடு, சண்டையை நேரில் பார்த்த அனுபவசாலி நடுவராக இருக்கட்டும், அவர் சொல்வதே முடிவு என்றார். அதாவது புத்தகத்தை விட்டுவிட்டுப் பாட்டியிடம் போய்விட்டார்!

பாட்டி முறை வேகமானது, ஆனால் பாட்டிக்குப் பேரன் மேல் பாசம் இருக்கும். புத்தகத்துக்குப் பாசம் கிடையாது, ஆனால் வேகமும் கிடையாது. இந்த இழுபறி இருநூறு வருஷமாக நடக்கிறது. 1880இல் டோட்டன் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி எழுதிய போர் விளையாட்டுப் புத்தகம், ஆடுபவர் எதை வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம், நடுவர் முடிவு சொல்வார் என்கிற வழியைக் காட்டியது. அதைப் படித்த டேவிட் வெஸ்லி 1969இல் மினசோட்டாவில் பிரவுன்ஸ்டைன் என்று ஒரு ஆட்டத்தை நடத்தினார். அதில் ஆடிய ஆர்னசன், கைகாக்ஸ் என்பவருடன் சேர்ந்து 1974இல் டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸை வெளியிட்டார். சின்னச் சின்னதாக மூன்று புத்தகம், முதல் அச்சு 1,000 பிரதி. அந்த மூன்றையும் படித்தால் பாதி புரியாது. சண்டைக்கு இன்னொரு பழைய விளையாட்டின் புத்தகத்தைப் பார் என்று இருக்கும். ஆகவே அமெரிக்காவில் ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு விதமாக ஆடினார்கள், நம் தாயம் மாதிரி. பிறகு எல்லா ஊரிலும் ஒரே மாதிரி ஆட வேண்டும் என்று கைகாக்ஸே 1977 முதல் 1979 வரை மூன்று கனத்த புத்தகம் போட்டார். சந்தேகம் தீர்ந்ததா? 1979இலேயே அவர்கள் பத்திரிகையில் சந்தேகத்துக்குப் பதில் சொல்ல ஒரு பகுதி தொடங்க வேண்டியதாயிற்று!

சரி, எங்கள் மாடிக்கு வருகிறேன். எங்கள் கதை நம் ஏரி மாதிரியான ஒரு பெரிய ஏரியைச் சுற்றி. ஒருவன் மாயமாக மறைந்து, மதகைத் திறந்துவிட்டுக் கீழேயுள்ள ஊரை மூழ்கடிக்கப் பார்க்கிறான். எங்கள் மந்திரக்காரி (ஆடுவது இ.சி.இ. படித்த ஒரு தோழி) மறைந்தவர்களைக் காணும் மந்திரத்தைப் போட்டுவிட்டார். அவன் மதகின் மேல் நிற்பது அவர் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிறது. நெருப்பை ஏவுகிறார்.

இப்போது விதி. நாங்கள் ஆடியது 2014ஆம் ஆண்டுப் புத்தகம். மறைந்திருக்கும் நிலை என்பதற்கு அதில் இரண்டு வரி. மந்திரமோ விசேஷப் புலனோ இல்லாமல் அவனைப் பார்க்க முடியாது என்பது முதல் வரி. அவனை அடிக்கிறவர் இரண்டு டைஸ் போட்டுக் குறைந்ததை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது இரண்டாவது வரி. நீங்கள் என்ன நினைப்பீர்கள்? பார்க்க முடியாததால்தானே அடிப்பது கஷ்டம். பார்க்க முடிந்துவிட்டால் கஷ்டம் போய்விட வேண்டியதுதானே? ஆனால் புத்தகத்தில் "ஆகையால்" என்ற சொல் இல்லை. இரண்டும் தனித்தனி வரி. மந்திரம் முதல் வரியைத்தான் நீக்குகிறது, இரண்டாவது வரி அப்படியே நிற்கிறது என்று படிக்கலாம். சும்மா சொல்லவில்லை, அந்தப் புத்தகத்தின் தலைமை விதி எழுத்தாளர் ஜெரமி கிராஃபோர்டே அப்படித்தான் விளக்கம் கொடுத்தார்!

டைஸ் விழுந்தது. ஒன்று 17, ஒன்று 6. 17ஐ எடுத்தால் அவன் காலி, ஊர் பிழைத்தது. 6ஐ எடுத்தால் அடி தவறியது, மதகு திறந்தது, இரண்டு வருஷமாக நாங்கள் கட்டிக் காத்த ஊர் போச்சு.

எழுத்துப்படிதான் என்றவர் யார் தெரியுமா? எதிரி இல்லை. எங்கள் அணியிலேயே திருடனாக ஆடுகிற மெக்கானிக்கல் நண்பர். நாங்கள் எல்லோரும் அவர் மேல் பாய்ந்தோம். "ஏண்டா, ஊரே முங்கப் போகுது, நீ எந்தப் பக்கம்?" என்று கேட்டோம். அவர் சொன்னதை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். "என் திருடன் மறைஞ்சு நிக்கிற சக்தியை வாங்குறதுக்காக ரெண்டு வருஷம் மத்ததை எல்லாம் விட்டுக் கொடுத்தேன். புத்தகத்துல இப்படி இருக்குன்னு நம்பித்தான் விட்டுக் கொடுத்தேன். இன்னிக்கு ஊருக்காக மாத்தினா, நாளைக்கு எதிரி மந்திரக்காரன் என்னைப் பார்த்துட்டு அடிப்பான். அப்போ ஊரா வந்து எனக்கு அழும்?"

எழுத்தைப் பிடித்துக்கொள்கிறவர்களை நாம் வக்கீல் என்று கேலி செய்கிறோம். ஆங்கிலத்திலும் இந்த ஆட்டக்காரர்கள் ரூல்ஸ் லாயர் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் எழுத்தை நம்பி ஒருவர் திட்டம் போட்டிருக்கிறார் என்றால், அந்த எழுத்து அவருக்குக் கொடுத்த வாக்கு. "நோக்கம் இதுதான்" என்று பிறகு வந்து சொல்கிறவர், அந்த வாக்கை மீறுகிறோம் என்பதையாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

என் தொழிலிலும் இதுதான். சிவில் படித்தவர்களுக்குத் தெரியும், டெண்டரில் மண் வேலைக்கு "எல்லா லீடும் லிஃப்டும் உட்பட" என்று ஒரு வாசகம் போட்டிருப்பார்கள். பக்கத்துக் குவாரியில் மண் கிடைக்கும் என்று நினைத்து காண்ட்ராக்டர் ரேட் போடுவார். குவாரிக்கு அனுமதி இல்லை என்று ஆகி, பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போய்க் கொண்டுவர வேண்டியதாகும். எல்லா லீடும் என்றால் எல்லாமும்தான் என்பார் ஒருவர். எந்த மனுஷனும் எதிர்பார்க்கிற லீடு என்பார் இன்னொருவர். அங்கே டைஸ் இல்லை, பில் இருக்கிறது. ஒப்பந்தச் சட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு: வாசகம் இரண்டு விதமாகப் பொருள்பட்டால், அதை எழுதிக் கொடுத்தவருக்குப் பாதகமான பொருளையே எடுக்கலாம் என்பார்கள். எழுதும்போதே கவனமாக எழுதட்டும் என்றுதான். எனக்குப் பிடித்த வழக்கம். நம் செமஸ்டர் கேள்வித்தாளுக்கும் இது பொருந்தும் என்று பேராசிரியர்கள் முன்னால் சொல்லிக்கொள்ள ஆசைப்படுகிறேன். (கைதட்டல்)

எழுத்தை மட்டும் பிடித்தால் எங்கே போய் நிற்கும் என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. இந்த ஆட்டத்தில் ஒரு சுற்று என்பது ஆறு விநாடி. அந்த ஆறு விநாடிக்குள் ஒவ்வொருவரும் ஒரு காரியம் செய்யலாம். பக்கத்தில் இருப்பவர் கையில் ஒரு கழியைக் கொடுப்பதும் ஒரு காரியம். நம் ஏரிக்கரையில் ஐந்து அடிக்கு ஒருவராக 2,000 விவசாயிகளை வரிசையாக நிறுத்துங்கள். முதல் ஆள் கழியைக் கொடுக்க, அடுத்தவர் வாங்கி அவருக்கு அடுத்தவரிடம் கொடுக்க, எல்லாம் விதிப்படி ஒரே சுற்றில் நடக்கும். கழி 10,000 அடி, அதாவது 3 கிலோமீட்டரை ஆறு விநாடியில் கடக்கிறது. விநாடிக்கு 500 மீட்டருக்கு மேல். ஒலியைவிட வேகம்! கடைசி ஆள் அதை எதிரி மேல் விட்டால் கோட்டைச் சுவரே தூளாகும் என்பது வாதம். ஆங்கிலத்தில் இதற்கு விவசாயி பீரங்கி என்கிற மாதிரி ஒரு பெயரே உண்டு.

எங்கே தப்பு என்று தம்பிகள் யோசித்துப் பாருங்கள். கழியை நகர்த்துகிற வரைக்கும் புத்தகத்தின் எழுத்தைப் பிடித்தார்கள். கடைசி நொடியில் புத்தகத்தை மூடிவிட்டு நியூட்டனைக் கூப்பிட்டார்கள். புத்தகத்தின்படியே போனால், கடைசி விவசாயி எறிந்த கழி சாதாரணக் கழிதான், சாதாரண அடிதான் விழும். நியூட்டன்படி போனால் இரண்டாவது ஆளிடமே கழி அந்த வேகத்தில் போகாது. தனக்குச் சாதகமான இடத்தில் வண்டி மாறி ஏறிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். 2024இல் வந்த புதிய நடத்துநர் புத்தகத்தில், ஆட்ட விதி என்பது பௌதிகம் அல்ல என்று இதற்காகவே ஒரு பகுதி எழுதியிருக்கிறார்கள். ஆபீசில் யாராவது ஒரு சுற்றறிக்கையைக் காட்டி வாதாடும்போது, அவர் எந்த வரியில் வண்டி மாறுகிறார் என்று நான் பார்ப்பது இந்தக் கழியிடம் கற்றுக்கொண்டதுதான்.

எங்கள் 17க்கும் 6க்கும் என்ன ஆயிற்று என்று முன் வரிசையில் அக்கா கேட்கிறார். சொல்கிறேன். வாதம் ஒன்றே முக்கால் மணி நேரம். கீழ் வீட்டு அம்மா இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில் கதை நடத்தும் நண்பர், "பார்க்க முடிஞ்சா அடிக்க முடியும். 17 செல்லும்" என்று சொல்லிவிட்டார். ஊர் பிழைத்தது. திருடன் நண்பர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அதற்குப் பிறகு எட்டு சனிக்கிழமை வரவில்லை. சிரிக்கிறீர்கள். முதல் வருஷம் ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தவர், என் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னாலேயே வந்து பந்தலில் நின்றவர். போனை எடுக்கவில்லை.

தீர்ப்பு என் பார்வையில் சரியானதுதான். ஆனால் அந்தத் தீர்ப்பில் அவருக்கு ஒன்றும் இல்லை. அதை முதலில் கண்டுபிடித்தது அந்தத் தோழிதான். "அவன் நம்பி வாங்கின பொருளை நாம பிடுங்கிட்டோம். ஒண்ணு பணத்தைத் திருப்பிக் கொடுக்கணும், இல்ல பொருளைக் கொடுக்கணும்" என்றார். திருடன் பாத்திரத்தை முதலிலிருந்து வேறு மாதிரி அமைத்துக்கொள்ள அவருக்கு உரிமை என்று முடிவு செய்து, இரண்டு பேர் நேரில் அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னோம். ஒன்பதாவது சனிக்கிழமை வந்தார். "பாத்திரத்தை மாத்த வேணாம், கேட்டீங்களே, போதும்" என்றார். ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்: இனிமேல் எந்தத் தீர்ப்பையும் நோட்டில் எழுத வேண்டும்.

அப்படித்தான் எங்கள் லாங் சைஸ் நோட்டு பிறந்தது. மேஜையில் சந்தேகம் வந்தால் இரு பக்கமும் சேர்த்து இரண்டு நிமிஷம், டைமர் வைத்து. அதற்குள் நடத்துபவர் ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஆட்டம் நிற்கக்கூடாது. தேதி போட்டு எழுதுவோம். ஆட்டம் முடிந்து பஜ்ஜி வந்த பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாதாடலாம். விதி மாறினால் அடுத்த வாரத்திலிருந்துதான் மாறும், பின் தேதியிட்டு மாறாது. நமக்கு எது விதியோ அதுவே எதிரிக்கும் விதி. யாராவது அதை நம்பி ஏதாவது வாங்கியிருந்தால் மாற்றிக்கொள்ளலாம். நோட்டில் இப்போது எண்பதுக்கு மேல் தீர்ப்பு இருக்கிறது. பதினொன்றை நாங்களே மாற்றியிருக்கிறோம். இன்னொரு தகவல், 2024 புத்தகத்தில் அந்த மறையும் விதியைத் திருத்திவிட்டார்கள்: உன்னைப் பார்க்க முடிகிறவரிடம் அந்தச் சலுகை செல்லாது என்று. நாங்கள் கேக் வெட்டினோம். திருடன் நண்பர்தான் வெட்டினார்.

இந்த இடத்தில் ஆட்டத்தை விட்டுவிட்டு நிஜ ஏரிக்கு வந்தே ஆக வேண்டும். இந்தப் பக்கம் குடியிருந்துகொண்டு மதகு என்ற சொல்லைச் சும்மா கதைக்காகச் சொல்ல முடியாது. நம் ஏரிக்கு முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. ஏரிக்கு இரண்டு வேலை. சென்னைக்குக் குடிநீர் வைத்திருக்க வேண்டும், ஆகவே நிறைந்திருக்க வேண்டும். வெள்ளத்தைத் தாங்க வேண்டும், ஆகவே கொஞ்சம் காலியாக இருக்க வேண்டும். ஒரே ஏரி, ஒரே விதிப்புத்தகம். 2015 டிசம்பர் 1ஆம் தேதி திறப்பை ஏற்றிக்கொண்டே போய், அன்று இரவு விநாடிக்கு 29,000 கன அடி அடையாற்றில் விட்டார்கள். கீழே பெய்த மழைத் தண்ணீரும் சேர்ந்துகொண்டது. ஆற்றின் இரு கரையிலும் நடந்ததை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. விதிமுறைப்படியே திறந்தோம் என்றது அரசுத் தரப்பு. 2018 ஜூலையில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைத் தணிக்கையர் அறிக்கை, இது மனிதரால் வந்த பேரிடர் என்றது. யார் பக்கம் நியாயம் என்று நான் இந்த மேடையில் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஆனால் 24 அடி வரை வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தால், "லாம்" என்பதை எப்படிப் படிப்பது என்ற வாதத்தை மழைக்கு நடுவில் நடத்த முடியாது என்று மட்டும் சொல்கிறேன்.

2020 நவம்பர் 25, நிவர் புயல். ஏரி 22 அடியை நெருங்கியபோதே, நடுப்பகலில், முன்னறிவிப்புக் கொடுத்து, முதலில் 1,000 கன அடி என்று திறந்தார்கள். முழு ஆழம் அதே 24தான். ஆனால் படித்த விதம் மாறியிருந்தது. அந்த வாதம் புயலுக்கு முன்பே முடிந்திருந்தது. எங்கள் மாடியில் இரண்டு நிமிஷத்தில் தீர்ப்புச் சொல்லலாம், தப்பானால் முங்குவது காகித ஊர். மதகுக்காரருக்கு அந்த இரண்டு நிமிஷத்தை நாம் கொடுக்கக்கூடாது. அவருக்கான பஜ்ஜி நேரம் ஏப்ரல், மே மாதம்.

செயலாளர் அண்ணன் கடிகாரத்தைக் காட்டுகிறார். இருபது நிமிஷம் என்றது பேச்சுக்கா, கேள்வி பதிலையும் சேர்த்தா என்று கேட்க ஆசை, கேட்கவில்லை. ஒன்றே ஒன்று. எங்கள் நோட்டில் தீராத வழக்கு ஒன்று இருக்கிறது. மந்திரக்காரி தண்ணீருக்கு அடியில் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறார். மந்திரத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தால் அடக்கிய மூச்சு அத்தனையும் போச்சா, ஒரு மந்திரத்துக்கு உரியது மட்டும் போச்சா? புத்தகத்தில் வாயும் இருக்கிறது, மூச்சும் இருக்கிறது, இரண்டையும் சேர்த்து ஒரு வரிகூட இல்லை. மூன்று பேர் இந்தப் பக்கம், மூன்று பேர் அந்தப் பக்கம். ஏழாவது ஆள் வேண்டும். நோட்டை வாசலில் வருகைப் பதிவு மேஜையில் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை ஐந்து மணி. பஜ்ஜி எங்கள் செலவு.